பிளஸ் பத்து

மதுரையில் கண்ணாடிக் கடை வேலைக்கு நான் சேர்ந்த காலத்தில் கைக்கு அதிகம் வந்தது பிளஸ் பத்து. புரை எடுத்தவர்கள் போடுகிற கண்ணாடி. பிளாஸ்டிக் லென்ஸ் எங்கள் பக்கம் வராத நேரம். தண்ணீர் சொட்டும் சாணைக்கல்லில் விளிம்பைத் தேய்த்துத் தேய்த்து ஃபிரேமில் உட்கார வைப்பதற்குள் விரல் நுனி வெளுத்துப்போகும். போட்டவர் மூக்கில் தழும்பே விழுந்துவிடும். ஊருக்குள் அதன் பெயர் சோடாபுட்டி.

புரை வைத்தியத்தின் கதையைச் சொல்பவர்கள் கத்தியைத்தான் சொல்கிறார்கள். கடைக்காரன் கணக்கில் அது பாதி வேலை. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மங்கிப்போவதுதான் புரை. அதை அகற்றினால் வெளிச்சம் உள்ளே போகும், உருவம் தெளியாது. போன லென்ஸுக்கு ஈடாக இன்னொன்று வேண்டும்.

சுசுருத சம்ஹிதை ஊசியால் புரையைத் தள்ளிவிடும் முறையைச் சொல்கிறது. வெளியே எடுப்பதில்லை, பார்வைக்குக் குறுக்கே நிற்காமல் கண்ணுக்குள்ளேயே ஒதுக்கிவிடுவது. இத்தாலியில் மூக்குக்கண்ணாடி பிறந்தது 1286 வாக்கில். அதாவது, ஊசி குத்திக்கொண்டவர்கள் பல நூற்றாண்டுகள் கண்ணாடியே இல்லாமல் காலம் தள்ளினார்கள். ஆள் வருவது தெரியும், யார் என்று தெரியாது. புரை எடுத்த கண்ணுக்குக் கனமான லென்ஸ் வேண்டும் என்பது செவில் நகரத்து தாசா டி வால்தெஸ் 1623-ல் வெளியிட்ட நூலில் இருக்கிறது. லென்ஸை வெளியிலேயே எடுக்கும் முறையை பிரான்சில் டாவியேல் கொண்டுவந்தது அதற்கும் நூறு வருஷத்துக்குப் பின்னால்.

சென்னையில் கண் ஆஸ்பத்திரி தொடங்கியது 1819. இப்போது எழும்பூரில் இருப்பது அதுதான். அங்கே கண்காணிப்பாளராக இருந்த எலியட் 1917-ல் ஒரு புத்தகமே எழுதினார்; நாட்டு வைத்தியர்களின் ஊசியால் சீழ்பிடித்தும் அழுத்தம் ஏறியும் கெட்ட கண்களைப் பற்றியது. ஊசிக்காரர்கள் பலர் ஊர் ஊராகப் போகிறவர்கள். குத்திய கையோடு பார்வை தெரிந்துவிடும், கூலியும் கிடைத்துவிடும். கண் கெடும்போது ஊசிக்காரர் அடுத்த ஊரில் இருப்பார்.

பிளஸ் பத்து வந்த பிறகும் நிம்மதி என்று சொல்ல முடியாது. எதுவும் நிஜத்தைவிட கால்வாசி பெரிதாகத் தெரியும். பெரிதானதால் பக்கத்தில் இருப்பதாகவும் தோன்றும். டம்ளருக்குக் கை நீட்டினால் டம்ளரை எட்டும் முன்பே விரல் மூடிக்கொள்ளும். நேர்க்கோடு வளையும். உசிலம்பட்டிப் பக்கத்து அம்மா ஒருவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடை வாசலையே பார்த்தார். “ஏய்யா, வாசல் நெல ஏன் வளைஞ்சு நிக்குது?” “பழகிரும் ஆத்தா” என்பதுதான் நாங்கள் எல்லாருக்கும் சொன்ன பதில். பலருக்குப் பழகியது. ஓரத்தில் ஒரு வளையம் முழுக்கத் தெரியாது, சைக்கிள்காரன் திடுமென முன்னால் முளைப்பான். அது யாருக்கும் பழகியதாக எனக்குத் தோன்றவில்லை. ஒரு கண் மட்டும் எடுத்தவர் பாடு இன்னும் மோசம். இரண்டு கண்ணும் இரண்டு அளவு காட்டும், எல்லாமே இரட்டை.

கண்ணாடி உடைந்தால் ஆபரேஷனே செய்யாதது போலத்தான். கீறல் விழுந்த லென்ஸை நூலால் கட்டி மாட்டியிருந்தவர்கள் உண்டு. மாற்று வாங்க மகன் சம்மதிக்க வேண்டும், பஸ் ஏற வேண்டும்.

லென்ஸைக் கண்ணுக்குள்ளேயே வைக்கலாம் என்று லண்டனில் ஹெரால்ட் ரிட்லி 1949-ல் செய்து காட்டினார். போர் விமானத்தின் மேல்மூடி சிதறி விமானிகளின் கண்ணில் தங்கிய பெர்ஸ்பெக்ஸ் துணுக்குகள் உறுத்தாமல் கிடந்ததைக் கவனித்தவர் அவர். சக மருத்துவர்கள் பலர் எதிர்த்தார்கள். அந்த லென்ஸ் எங்களை வந்து சேர நாற்பது வருஷம் ஆனது. வெளிநாட்டு லென்ஸின் அப்போதைய விலையில் ஓர் ஏழைக் குடும்பம் மாசக் கணக்கில் சாப்பிடலாம்.

58 வயதில் அரசு வேலையிலிருந்து ஓய்வுபெற்று, வாதத்தில் முடங்கிய விரல்களோடு 1976-ல் 11 படுக்கைகளுடன் மதுரையில் அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கியவர் டாக்டர் கோ. வெங்கடசாமி. அந்த ஆஸ்பத்திரிதான் 1992-ல் ஆரோலேப் என்று ஒரு தொழிற்சாலை போட்டு லென்ஸை மதுரையிலேயே செய்ய ஆரம்பித்தது. விலை பத்து டாலருக்குப் பக்கத்தில் இறங்கியது. கொஞ்ச வருஷத்தில் என் மேசையில் பிளஸ் பத்து அபூர்வமாகிவிட்டது. முதலாளிக்கு வருத்தம்தான், எனக்கு இல்லை.

உள்ளே வைக்கும் லென்ஸைப் பெரும்பாலும் தூரப் பார்வைக்குத்தான் அளந்து வைக்கிறார்கள். பேப்பர் படிக்க, ஊசியில் நூல் கோக்க வெள்ளெழுத்துக் கண்ணாடி வேண்டும், பிளஸ் இரண்டரை. அதற்கு இன்றும் எங்களிடம்தான் வருகிறார்கள்.