பெர்த்தாம் ஆற்றங்கரையில் ஒரு சிற்றூர்

ஊர்ப்பெயரை ஊரின் முதற் கல்வெட்டு எனலாம். கல்லிற் பொறித்த எழுத்து வெயிலிலும் மழையிலும் தேயும். மக்கள் நாவில் வழங்கும் பெயர் எளிதில் தேய்வதில்லை. மலேசியாவின் பகாங் மாநிலத்து வடமேற்கு மூலையில், கேமரன் மலைப்பகுதியில், லெம்பா பெர்த்தாம் என்னும் சிற்றூர் உள்ளது. 'லெம்பா' என்பது மலாய் மொழியில் பள்ளத்தாக்கைக் குறிக்கும். 'பெர்த்தாம்' என்பது ஒருவகைக் காட்டுப் பனையின் பெயர். அடிமரம் ஓங்காமல் தரையிலிருந்தே ஓலை விரிக்கும் அப்பனை, கூரை வேய்வதற்குப் பயன்படுவது. அப்பெயர் ஆற்றுக்கும் வழங்குகிறது. ஆற்றின் பெயரே பள்ளத்தாக்கின் பெயரும் ஊரின் பெயரும் ஆயிற்று.

மலையின் பெயர் வந்த வரலாறு வேறு. 1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் இம்மலைக் காட்டினுள் புகுந்தார். மலைகளுக்கிடையே சாய்வு குறைந்த, பரந்த மேட்டுநிலம் ஒன்றைக் கண்டதாக அவர் அறிவித்தார். ஆயினும் அவ்விடம் வரைபடத்தில் தெளிவுறக் குறிக்கப்படவில்லை. நாற்பது ஆண்டுகள் கழித்து, 1925ஆம் ஆண்டில், கூட்டு மலாய் நாடுகளின் தலைமைச் செயலராயிருந்த சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் மீண்டும் வந்து பார்த்த பின்னரே மலையைத் திருத்தும் வேலை தொடங்கிற்று. ஒருமுறை வந்து சென்றவரின் பெயரை மலை பெற்றது; ஆறோ தன் பழம்பெயரை விடவில்லை. ஆகவே இவ்வூரின் வரலாற்றை அறிய விரும்புவோர் ஆற்றைத் தொடர்ந்து செல்வதே முறையாகும்.

ஆறும் முதுகுடியும்

பெர்த்தாம் ஆறு பிரிஞ்சாங் மலைச்சாரலில் தோன்றுகிறது. பிரிஞ்சாங், தானா ராத்தா ஆகிய ஊர்களைக் கடந்து ஹாபுவை அடைகிறது. பின்னர் ரிங்லெட் ஏரியிற் புகுந்து, அதன் கீழே லெம்பா பெர்த்தாம் வழியாகச் சென்று தெலோம் ஆற்றோடு கலக்கிறது. தெலோம் ஜெலாயிலும், ஜெலாய் பகாங் ஆற்றிலும் சேர, அந்நீர் கிழக்கே தென்சீனக் கடலை அடைகிறது. இஃது இயற்கை வகுத்த வழி. மாந்தர் வகுத்த வழி வேறொன்று உண்டு. அது பின்னர் வரும்.

இவ்வாற்றின் கரைகளுக்குப் பழைய உரிமையாளர் செமாய் மக்கள். மலைநெல்லும் மரவள்ளியும் விளைத்து, ஊதுகுழல் கொண்டு வேட்டையாடி வாழ்ந்த முதுகுடியினர் அவர். குறிஞ்சி நிலத்து மக்களைப் பற்றிப் பாடஞ்சொல்லும் தமிழாசிரியருக்கு அவர்தம் வாழ்வு புதிதாகத் தோன்றாது. கேமரன் 'கண்ட' மலையில் அவர்கள் அவருக்கு முன்னமே குடியிருந்தார்கள். எனவே கண்டறிந்தார் என்னும் சொல்லை ஈண்டு அளந்தே வழங்க வேண்டும்.

சாலையும் தேயிலையும்

மலைக்கு உயிர்கொடுத்தது சாலை. தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்குச் சாலை போடும் ஒப்பந்தத்தை ஃபாக்டன் பிரிஸ்பேன் என்னும் குழுமம் ஏற்றது. 1928ஆம் ஆண்டில் தொடங்கிய வேலை 1931ஆம் ஆண்டில் முடிந்தது. ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளமுள்ள அச்சாலை, மழையோடும் மண்சரிவோடும் மலேரியாக் காய்ச்சலோடும் போராடி அமைக்கப்பட்டது. குழுமத்தின் பெயர் நூல்களில் நிற்கிறது. கல் உடைத்தவர்களும் மண் சுமந்தவர்களும் பெயரின்றிப் போயினர். இம்மலை பகாங்கைச் சேர்ந்ததாயினும், நெடுங்காலம் பேராக் பக்கமிருந்தே இதற்கு வழி இருந்தது என்பதும் குறிக்கத்தக்கது.

சாலை வேலை நடந்துகொண்டிருந்தபோதே தேயிலை வந்தது. ஜான் ஆர்ச்சிபால்ட் ரசல் என்பவர், இலங்கையில் தேயிலைத் தொழில் பழகிய மில்ன் என்பவருடன் கூடி, 1929ஆம் ஆண்டில் 'போ' தோட்டத்தைத் தொடங்கினார். 1933ஆம் ஆண்டில் வடஇந்தியரான அகர்வால் குடும்பத்தாரின் 'பாரத்' தோட்டம் தோன்றியது. செங்குத்தான சரிவுகளில் காடழித்து நிரை பிடித்து நட்டவர் பெரும்பாலும் தமிழரே. தோட்டத்தின் பெயரோ 'போ'; அது தமிழரை நோக்கி 'வா' என்று சொல்லியது விந்தைதான்.

தேயிலைச் சாலையும் கொழுந்து நிரைகளும் இம்மலையின் தலையாய அடையாளங்கள். ஓர் அரும்பும் அதனையொட்டிய இரண்டு இலைகளுமே நல்ல கொழுந்து. முதுகிற் கூடை சுமந்து, பனியில் நனைந்து, பெண்கள் அதனைக் கிள்ளினர். கிள்ளிய கொழுந்து சாலைக்கு வந்து வாட்டல், உருட்டல், புளித்தல், உலர்த்தல், தரம்பிரித்தல் என்னும் நிலைகளைக் கடக்கும். ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தூளாகும். பச்சைப் பாய் விரித்தாற்போன்ற குன்றுகளைக் கண்டு மகிழ்வோர், அவ்வழகு கவாத்துக் கத்தியால் உண்டானது என்பதை நினைப்பதில்லை. செடியை இடுப்பளவில் நிறுத்தி வெட்டாவிடின் தேயிலை மரமாகிவிடும். குன்றின் அழகும் போய்விடும்.

1938ஆம் ஆண்டில் இந்திய அரசு, உதவிபெற்று மலாயாவுக்கு வேலைக்கு வருவதைத் தடைசெய்தது. கங்காணி வழியே ஆள் வருவது அத்துடன் நின்றது. வந்தவர் இங்கேயே வேரூன்றினர். லயத்து வீடுகள் தங்குமிடமாயிருந்த நிலை மாறி, பிறந்த இடமாயின.

வேலி சூழ்ந்த ஊர்

போருக்குப் பின் 1948ஆம் ஆண்டில் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. காட்டோரங்களில் சிதறி வாழ்ந்தவர்களை, காட்டிலிருந்த போராளிகளுக்கு உணவு கிட்டாதவாறு ஓரிடத்தில் குடியேற்றும் திட்டம் 1950ஆம் ஆண்டு முதல் நடைபெற்றது. முள்வேலியும் காவலும் ஊரடங்குச் சட்டமும் கொண்ட அவ்வூர்கள் 'புதுக்கிராமம்' எனப் பெயர் பெற்றன. லெம்பா பெர்த்தாமும் அவற்றுள் ஒன்று. வேலி போயிற்று, ஊர் நின்றது. சீனக் குடியானவர்கள் கோசும் தக்காளியும் பூவும் பயிரிட்டனர். தேயிலை மேட்டிலும், காய்கறி பள்ளத்திலும், முதுகுடியினர் காட்டோரத்திலுமாக ஒரே ஆற்றை மூன்று வகை மக்கள் பகிர்ந்து கொண்டனர்.

அணையும் வெள்ளமும்

ஆற்றுக்கு மாந்தர் வகுத்த வழி யாது? 1963ஆம் ஆண்டில் ரிங்லெட்டுக்கு அருகே பெர்த்தாம் ஆற்றை மறித்து, ஏறத்தாழ 40 மீட்டர் உயரமுள்ள சுல்தான் அபுபக்கர் அணை கட்டப்பட்டது. அதனால் உண்டானதே ரிங்லெட் ஏரி. ஏரி நீர் மலையைக் குடைந்த சுரங்கவழியே மேற்கு நோக்கிச் சென்று, பேராக் பக்கத்திலுள்ள சுல்தான் யூசுப் மின்னிலையத்தின் சக்கரங்களைச் சுழற்றுகிறது. கிழக்கே ஓடப் பிறந்த ஆறு மேற்கே திருப்பப்பட்டது. அதன் ஆற்றல் தொலைவிலுள்ள நகரங்களில் விளக்காக எரிந்தது.

அணை ஊருக்கு மேலே நிற்கிறது. மேலே செய்வது கீழே வந்து சேரும் என்பது ஆற்றின் நியதி. மேற்சாரலில் விளைநிலத்துக்காகவும் கட்டடங்களுக்காகவும் காடு வெட்டப்பட, மழைநீரோடு மண் இறங்கி ஏரியிற் படிந்தது. சேறு ஏற ஏற, நீருக்கு இடம் குறைந்தது. 2013ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள், பெருமழையால் நீர்மட்டம் உயரவே, பின்னிரவில் அணையின் கதவுகள் திறக்கப்பட்டன. உறங்கிக்கொண்டிருந்த லெம்பா பெர்த்தாமின்மேல் வெள்ளம் பாய்ந்தது. உயிரிழப்பு நேர்ந்தது, ஏறத்தாழ 80 வீடுகள் சிதைந்தன. அணை ஓர் அடையாளச் சின்னம் என்று எழுதும் கை, அந்நாளையும் சேர்த்தே எழுத வேண்டும்.

பெயர் நிற்கும் இடம்

அணைக்குச் சுல்தானின் பெயர்; மலைக்குக் கேமரனின் பெயர். தோட்டத்தாரின் பெயர் எங்கே நிற்கிறது? அதற்கு விடை தோட்டப்புறத்துத் தமிழ்ப்பள்ளியில் உள்ளது. ஏழு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிற்சட்டம் விதித்தது. தோட்டப்பள்ளிகள் பெருகியதற்கு அது வழி செய்தது. கொட்டகையாயினும், ஒரே ஆசிரியராயினும், பள்ளி என்றால் சேர்க்கைப் பதிவேடு ஒன்று இருக்கும். அதில் பிள்ளையின் பெயரும் தந்தையின் பெயரும் பிறந்த நாளும் எழுதப்பெறும். கல்வெட்டில் இடம்பெறாத குடிகளுக்கு அப்பதிவேடே கல்வெட்டு.

இன்று கொழுந்து எடுக்கும் கைகள் பெரும்பாலும் வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து வந்தவை. தமிழ்க் குடும்பங்கள் பல பட்டணம் நோக்கி இறங்கிவிட்டன. தோட்டப்பள்ளிகளில் பிள்ளைகள் குறைகின்றனர். ஒரு பள்ளி மூடப்பட்டாலோ இடம் மாற்றப்பட்டாலோ முதலில் தவறிப்போவது பழந்தாள்களே. கறையான் அரித்த ஏடுகளைத் தேடி உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்ததை மாணவர்க்கு எடுத்துரைக்கும் ஆசிரியரின் அலமாரியிலேயே, அவ்வூரின் ஏடு ஒன்று தூசு படிந்து கிடக்கலாம். அதனை எடுத்துப் படியெடுத்து வைப்பது பெரும்பொருள் வேண்டும் வேலையன்று. ஒரு விடுமுறைக் காலம் போதும்.

ஊரின் முதற் கல்வெட்டு ஆற்றின் பெயர். அதனை அழிவின்றிக் காத்தது மக்கள் நா. பதிவேட்டில் உள்ள பெயர்களுக்கு அத்தகைய காவல் இல்லை. தாள் உள்ளவரையே அவை உள்ளன.