எங்கள் கொறங்காடு: நேற்றும் இன்றும்

மேய்ச்சல் நிலத்தைப் பற்றி மலருக்கு நீதான் எழுதோணும் என்று தலைவி அக்கா சொன்னபோது எனக்குக் கூச்சமாக இருந்தது. பத்தாவது படித்தவள் வரலாறு எழுதுவதா? பள்ளிக்கூடத்தில் வரலாறு என்றால் ராஜா, சண்டை, வருஷம். கொறங்காட்டுக்கு ராஜா கிடையாது. ஆனாலும் அதற்கு ஒரு கதை உண்டு. நான் கேட்டதெல்லாம் எங்க ஆத்தா கட்டுத்தரையில் சாணி அள்ளிக்கொண்டே சொன்னது. கொஞ்சம் நானே பட்டுத் தெரிந்துகொண்டது.

வாய்க்கால் பாசன ஊர்களிலிருந்து வந்திருக்கும் உறுப்பினர்களுக்காக முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். கொறங்காடு புறம்போக்கு இல்லை. பட்டா உள்ள மானாவாரி பூமி. காங்கயம், தாராபுரம், கரூர்ப் பக்கமெல்லாம் இதைப் பார்க்கலாம். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம். இந்த மூன்றும் இருந்தால்தான் கொறங்காடு. கிளுவைப் போத்தை வெட்டி நட்டால் வேர் பிடித்து உயிர்வேலியாகிவிடும். முள் இருப்பதால் மாடு தாண்டாது. கொழுக்கட்டைப் புல் கோடையில் சருகாகக் காய்ந்து கிடக்கும், ஆனால் வேர் சாகாது. ஒரு நல்ல மழை விழுந்தால் போதும், துளிர்த்துவிடும். வெள்வேல் வெயிலுக்கு நிழல் தரும். புல் இல்லாத காலத்தில் அதன் காய் ஆட்டுக்கும் மாட்டுக்கும் தீனி.

இதில் பெண்களுக்கு ஒரு பெரிய வசதி இருந்தது. மாட்டை உள்ளே விட்டுக் கடவுப்படலைச் சாத்திவிட்டால் மேய்க்க ஆள் வேண்டாம். நாம் களையெடுக்கப் போகலாம், பிள்ளை பள்ளிக்கூடம் போகலாம். ஒரு காட்டில் புல் குறைந்தால் அடுத்த காட்டுக்கு மாற்றிவிட்டு, இதை ஆறப்போடுவார்கள். அப்படியும் புல் சலித்துப்போனால் உழுது, சோளமோ கொள்ளோ விதைத்து, கூடவே புல் விதையும் போட்டு, மறுபடி கொறங்காடாக விடுவார்கள். யார் யாருக்கோ இப்போது பயிற்சி கொடுத்துச் சொல்லித்தருகிற சுழற்சி மேய்ச்சலை எழுதப் படிக்கத் தெரியாத எங்க ஆத்தா செய்துகொண்டிருந்தார்.

காங்கயம் மாடு இந்தப் புல்லில் வளர்ந்த மாடு. கன்று பிறக்கும்போது செம்மியாக இருக்கும், ஆறு மாசத்தில் நிறம் மாறும். பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பிச் சர்க்கரை மன்றாடியார் பெரிய மந்தை வைத்து இந்த இனத்துக்கு வெளியூரிலும் பேர் வாங்கித் தந்தார். 1936-ல் லிட்டில்வுட் என்ற வெள்ளைக்கார அதிகாரி தென்னிந்தியக் கால்நடைகளைப் பற்றி எழுதிய புத்தகத்திலும் காங்கயம் மாடு இருக்கிறது. பட்டக்காரர் பேர் இருக்கிறது, துரை பேர் இருக்கிறது. விடிகாலையில் கடவு திறந்துவிட்டவள் பேர் எதிலும் இல்லை. இருக்கட்டும்.

அப்போது கிணற்றில் கவலை இறைக்க எருது வேண்டும், வண்டிக்கு எருது வேண்டும். எருது வேண்டுமென்றால் புல் வேண்டும். 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்து, கிணறுகளுக்கு ஒவ்வொன்றாக மோட்டார் ஏறியது. அப்புறம் டிராக்டர். பி.ஏ.பி. வாய்க்கால் வந்த பக்கம் கொறங்காடு தென்னந்தோப்பாக மாறியது. அதைக் குறை சொல்ல மாட்டேன், தண்ணி வந்தால் யார்தான் வெள்ளாமை வைக்காமல் இருப்பார்கள்? பிறகு காற்றாலை, பனியன் கம்பெனி வேலை, கடைசியாக சைட். எங்க அப்பாரு பிறந்தபோது இது கோயமுத்தூர் ஜில்லா. 1979-ல் பெரியார் மாவட்டம், பிறகு ஈரோடு, 2009-லிருந்து திருப்பூர் மாவட்டம். மாவட்டத்தின் பேர் மாற மாற, எங்கள் ஊரைச் சுற்றி வேலியும் குறைந்துகொண்டே வந்தது.

இந்த இடத்தில் என் தப்பையும் எழுதோணும். எழுதாமல் விட்டால் கட்டுரை பொய்யாகிவிடும். பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்கும் சமபங்கு என்று 1989-ல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. 2005-ல் நாடு முழுக்க வந்தது. அதனால் கொறங்காடு விற்கிறவர்களுக்கு அக்கா தங்கை கையெழுத்து வேண்டும். எங்க அப்பாவின் ஆறு ஏக்கர் கொறங்காட்டை சைட் போடுகிறவருக்குக் கொடுக்க அண்ணன் பேசி முடித்துவிட்டு, "நீயும் வந்து ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போ சாமி" என்று கூப்பிட்டார். நானும் போனேன். பத்திரத்தைப் படித்துக்கூடப் பார்க்கவில்லை. சேலையும் கொஞ்சம் பணமும் கொடுத்தார்கள். திரும்பி வரும் வழியிலேயே வேலியில் ஜேசிபி நின்றது. அம்மா மட்டும் அன்றைக்குச் சோறு தின்னவில்லை. நான் தின்றேன்.

2017 தை மாதம் ஜல்லிக்கட்டுக்காக ஊரே போராடியபோது எல்லோரும் நாட்டு மாட்டைப் பற்றிப் பேசினார்கள். மாடு தின்கிற புல்லைப் பற்றி யாரும் பேசவில்லை. அந்த வருஷம்தான் எங்கள் குழுவில் ஆடு வாங்கக் கடன் எடுத்தோம். ஆடு வந்தது, மேய இடமில்லை. காசு கொடுத்துத் தீவனம் வாங்கினால் வட்டியும் மிஞ்சாது, அசலும் மிஞ்சாது. அப்போதுதான் யார் யாருக்கு எவ்வளவு கொறங்காடு மிச்சமிருக்கிறது என்று நோட்டுப் போட்டு எழுத ஆரம்பித்தேன். பக்கத்து ஊர்க் குழுக்களையும் கேட்டோம். ஏழு ஊர் சேர்ந்தது. பாதிக் காட்டில் சீமைக்கருவேல் ஏறியிருந்தது. வேலி ஓட்டை. எங்க வீட்டுக்காரர் பேரில் உள்ள காட்டுக்கு அடங்கல் எடுத்துப் பார்த்தால் "தரிசு" என்று எழுதியிருந்தது. நாலு தலைமுறை மாடு மேய்ந்த பூமி தரிசாம்!

முதல் வருஷம் தோற்றுப்போனோம். மார்கழியில் உருவிய புல் விதையை உடனே ஈரத்தில் விதைத்தோம், ஒன்றுமே முளைக்கவில்லை. எல்லோரும் என்னைத்தான் திட்டினார்கள். எண்பது வயசு ஆத்தா ஒருவர் கேட்டுவிட்டுச் சிரித்தார். "புது விதை தூங்குமாயா. பானையில கட்டி வெச்சு அடுத்த பட்டத்துக்குப் போடு" என்றார். அது பஞ்சு மாதிரி விதை, காற்றில் பறந்துவிடும் என்று சாணியும் மண்ணும் பிசைந்து உருண்டையாக்கி மேலாகப் போடச் சொன்னதும் அவர்தான். ஆழமாக மூடக் கூடாது. மறுவருஷம் முளைத்தது. நட்ட கிளுவைப் போத்தில் பாதிதான் பிழைத்தது, அதை மூன்று வருஷமாக இன்னும் நட்டுக்கொண்டே இருக்கிறோம்.

ஆனால் விதையும் போத்தும் பெரிய கஷ்டமில்லை. புதுப்புல் வேர் பிடிக்கும் வரைக்கும் காட்டுக்குள் ஆடு மாடு விடக் கூடாது. அதுவரை அந்த வீட்டு ஆடு எங்கே போகும்? இதற்குத்தான் ஏழு ஊர் தேவைப்பட்டது. உன் காடு ஆறும்போது உன் ஆடு என் காட்டில் மேயட்டும், என் காடு ஆறும்போது என் ஆடு உன் காட்டுக்கு வரட்டும் என்று முறை வைத்தோம். காசு வாங்குவதில்லை. பட்டி போட்ட இடத்து எரு காட்டுக்காரருக்கு. சண்டை வராமல் இல்லை. ஒரு ஊர்க்காரர் கணக்குக்கு மேல் பத்து ஆடு விட்டார் என்று கூட்டம் பாதியில் கலைந்த நாளும் உண்டு. ஆண்கள் "பொம்பளைங்க வேலி போடறாங்களாம்" என்றார்கள். அப்புறம் போத்து வெட்டிக் கொடுக்க அவர்கள்தான் வந்தார்கள்.

தீராத தொல்லை தெருநாய். ராத்திரியில் பட்டிக்குள் புகுந்து கடித்துப் போட்டுவிடுகிறது. கடன் வாங்கி வளர்த்த ஆட்டைக் காலையில் போய்ப் பார்க்கிறவள் வயிறு எரியாமல் என்ன செய்யும்? வேலி அடர்த்தியாக இருக்கிற காட்டில் சேதம் குறைவு என்பது மட்டும்தான் இதுவரை நாங்கள் கண்டது.

இன்னொரு பேச்சும் வைத்துக்கொண்டோம், எழுத்தில் இல்லை, வாயால்தான். விற்க நினைக்கிறவர் முதலில் குழுவில் சொல்லோணும். குத்தகைக்கு எடுக்க ஆள் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அக்கா தங்கைகள் கையெழுத்துப் போடோணும். இதனால் இரண்டு காடு நின்றது. ஒன்று போய்விட்டது. அந்தப் பெண்ணுக்கு மகள் கல்யாணக் கடன், அவளை நாங்கள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

இந்த 2026-ஐ ஐ.நா. சபை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பவர்களுக்குமான ஆண்டாக அறிவித்திருக்கிறது. அதனால்தான் இந்தக் கட்டுரைக்கு மலரில் இடம் கிடைத்தது என்று நினைக்கிறேன்.

எங்க அப்பாவின் ஆறு ஏக்கரில் இன்னும் வீடு எழும்பவில்லை. மஞ்சள் பெயிண்ட் அடித்த கல்லுக்கு நடுவில் கொழுக்கட்டைப் புல் தானாக முளைத்துக் கிடக்கிறது. போன தை மாதம் நாங்கள் எட்டுப் பேர் போய் அங்கேதான் விதை உருவினோம். காவல்காரர் எதுக்கு என்று கேட்டார், சொன்னோம், சரி என்று போய்விட்டார். அந்த விதை எங்கள் குழு அறையில் மூன்று சாக்கு கட்டி வைத்திருக்கிறது. ஆடிக்கு ஆறு மாசம் ஆகிவிடும். வேண்டுகிற குழுவினர் அதற்குள் சொல்லியனுப்புங்கள்.