மேற்கே திரும்பிய மலைநீர்

கல்லணையைக் கண்ட மரபில் வந்தவர்கள் நாம். ஏரியும் கண்மாயும் வெட்டி, மழைநீரைத் தேக்கி வாழ்ந்தவர்கள் நம் முன்னோர். பிழைப்பைத் தேடிப் பிறமாநிலம் வந்த பிறகும் காவிரியையும் வையையையும் தாமிரபரணியையும் நாம் மறப்பதில்லை. ஆயினும், மும்பையில் நம் இல்லங்களுக்கு ஒளி தந்த நீரின் வரலாற்றை நம்முள் எத்தனை பேர் அறிவோம்? புணே வழியாக வரும் இரயிலில் லோணாவ்ளாவைக் கடந்து மலையிறங்கும்போது சாளரத்தின் வழியே பசுமையைக் கண்டு மகிழ்கிறோம். அம்மலைகளின் மேல் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் தேங்கி நிற்கும் நீர்நிலைகளின் கதையை இங்கே ஒருவாறு காண்போம்.

சஹ்யாத்திரி மலைத்தொடரின் முகட்டில் ஆண்டுதோறும் நான்கு திங்கள் அடைமழை பொழிகிறது. முகட்டிற்குக் கிழக்கே விழும் நீர் இந்திராயணி, ஆந்திரா, முளா முதலிய ஆறுகளாகிப் பீமையில் கலந்து, கிருஷ்ணையோடு சேர்ந்து, தக்காணத்தைக் கடந்து வங்கக்கடலை அடைகிறது. மேற்கேயோ மலை செங்குத்தாக இறங்கிக் கொங்கணச் சமவெளியில் முடிகிறது. ஆறு பிறக்கும் இடத்திலேயே அணையிட்டுத் தேக்கி, அந்நீரைக் கிழக்கே செல்லவிடாமல் மேற்கே குழாய்களின் வழி வீழ்த்தினால், ஏறத்தாழ 1,700 அடி உயரத்திலிருந்து பாயும் விசை சக்கரங்களைச் சுழற்றி மின்சாரம் தரும். நீரின் அளவு சிறிதாயினும் வீழும் உயரம் பெரிது. திட்டத்தின் அடிப்படை இதுதான்.

இக்கருத்தில் பேரார்வம் கொண்டவர் ஜம்ஷெட்ஜி டாட்டா. அக்காலப் பம்பாயின் பருத்தி ஆலைகள் நீராவியால் இயங்கின. அவற்றுக்கு வேண்டிய நிலக்கரி நெடுந்தொலைவிலிருந்து வரவேண்டியிருந்தது. செலவு மிகுதி, புகையும் மிகுதி. 1904ஆம் ஆண்டில் ஜம்ஷெட்ஜி மறைந்தார். அவருடைய மைந்தர் தொராப்ஜி டாட்டா அப்பணியை மேற்கொண்டு 1910இல் நிறுவனம் அமைத்தார். 1911இல் லோணாவ்ளாவில் அணைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. லோணாவ்ளா, வல்வண், ஷிராவ்டா ஆகிய ஏரிகளில் தேங்கிய நீர் 1915இல் மலையடிவாரத்துக் கோப்போலி மின்நிலையத்தை இயக்கியது. அடுத்து, ஆந்திரா ஆற்றின் நீர் 1922இல் பிவ்புரி நிலையத்தை இயக்கியது. பெரியாற்றின் நீரைக் கிழக்கே திருப்பி 1895இல் மதுரைச் சீமைக்கு அளித்த திட்டத்தை நாம் அறிவோம். அது உழவுக்காகக் கிழக்கே திரும்பிய நீர். இது தொழிலுக்காக மேற்கே திரும்பிய நீர். அப்பெரியாற்று அணையைக் கட்டிய பென்னிகுயிக் 1841இல் பிறந்தது இந்தப் புணே நகரத்தில்தான் என்பதும் நாம் நினைவிற்கொள்ளத் தக்கது.

மூன்றாவது திட்டம் முள்ஷியில் தொடங்கியது. இங்கேதான் வரலாறு திசை மாறியது. பெரியாற்றில் நீரில் மூழ்கியது பெரும்பாலும் காடு. முள்ஷியில் மூழ்கவிருந்தவையோ ஐம்பதுக்கும் மேற்பட்ட ஊர்களைச் சேர்ந்த நிலங்கள். ‘ஆம்பேமோகர்’ என்னும் மணமிக்க அரிசி விளைந்த வயல்கள். மாவளர் எனப்பட்ட மலைநாட்டு உழவரின் வீடுகள், கோயில்கள். சிவாஜியின் படையில் நின்று போர் புரிந்தவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். நிலத்தை முறையாகக் கையகப்படுத்துவதற்கு முன்பே அங்குச் சோதனைக் குழிகள் தோண்டப்பட்டன. 1894ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டம் நிறுவனத்திற்குத் துணை நின்றது.

1921 ஏப்ரல் 16, இராமநவமி நாள். உழவர்கள் திரண்டு சென்று அணை எழும் இடத்தில் அமர்ந்தனர், வேலை நின்றது. ‘உயிர் அல்லது நிலம்’ என்பது அவர்கள் முழக்கம். போராட்டத்தை முன்னின்று நடத்தியவர் பாண்டுரங்க மகாதேவ பாபட். எடின்பரோவில் கல்வி பயின்ற அவருக்குச் ‘சேனாபதி’ என்னும் பட்டத்தை இப்போராட்டமே பெற்றுத் தந்தது. பெண்களும் சிறையேகினர். ஆயினும் போராட்டத்திற்குள்ளேயே ஒரு பிளவு இருந்தது. அந்நிலங்களுள் பலவற்றின் உரிமை புணே நகரத்துச் சாவுகார்களின் கையில் இருந்தது. அவர்களுள் பலர் நாடியது இழப்பீட்டுத் தொகையை. உழுதவன் நாடியது நிலத்தை. ஒருவருக்கு நிலம் விலைப்பொருள், மற்றவருக்கு அது வாழ்வு. இந்த வேற்றுமை போராட்டத்தின் வலிமையைக் குறைத்தது. 1924இல் போராட்டம் ஓய்ந்தது. பாபட் நெடுங்காலம் சிறையில் வாடினார். 1927இல் முள்ஷி நீர் பிரா மின்நிலையத்தில் பாய்ந்தது. உலகின் முதல் அணை எதிர்ப்பு இயக்கம் என இதனை அரசியல் அறிஞர் ராஜேந்திர வோரா குறித்தார்.

மாவளர் தோற்றனர், நகரம் வென்றது. அந்த வெற்றியில் நமக்கும் பங்குண்டு என்பதை நாம் மறைத்தற்கில்லை. திருநெல்வேலியிலிருந்தும் பிற மாவட்டங்களிலிருந்தும் பம்பாய்க்கு வந்த தமிழர்களுக்கு வாழ்வளித்தது இந்நகரத்தின் தொழில் வளர்ச்சி. அவ்வளர்ச்சிக்கு ஊட்டமாக இருந்தவற்றுள் ஒன்று இந்த மலைநீர். வேலை முடித்த நீர் முழுவதும் வீணாகக் கடலுக்கு ஓடியதும் இல்லை. பிவ்புரியிலிருந்து இறங்கும் நீர் உல்லாஸ் ஆற்றில் கலந்து, பத்லாபூர், அம்பர்நாத் முதலிய ஊர்களின் தாகத்தையும் தணிக்கிறது. அவ்வூர்களிலும் நம்மவர் வாழ்கின்றனர்.

எனினும் கணக்கின் மறுபக்கமும் உண்டு. இத்திட்டங்களால் ஆண்டிற்குச் சராசரியாக 40 டி.எம்.சி.க்கும் மேற்பட்ட நீர் கிருஷ்ணைப் படுகையிலிருந்து மேற்கே திரும்புகிறது. பீமைக்கரையின் வறண்ட மாவட்டங்களில் மழை பொய்க்கும்போதெல்லாம், ‘எங்கள் ஆற்று நீரை எங்களுக்குத் திருப்பித் தாருங்கள்’ என்ற குரல் எழுகிறது. மின்சாரத்தை நிலக்கரியாலும் கதிரவனாலும் காற்றாலும் ஆக்கலாம். நீரை ஆக்க இயலுமோ என்று அவர்கள் கேட்கின்றனர். கடைமடை உழவனின் துயரம் அறிந்த தமிழருக்கு இக்கேள்வி புதிதன்று. காவிரியில் நாம் கேட்கும் நீதியைப் பீமைக்கரையார் கேட்கும்போது நாம் செவிசாய்க்காதிருப்பது முறையாகாது. அதே வேளையில், உல்லாஸ் நீரைப் பருகும் நகரத்து ஏழையின் குடத்தையும் மறந்துவிட இயலாது. நூறாண்டுக்கு முன் ஒரு தரப்பாரைக் கேளாமல் நீரைத் திருப்பிய பிழையை, இன்று மற்றொரு தரப்பாரைக் கேளாமல் திருப்பித் தந்து மீண்டும் செய்தலாகாது.

மும்பையில் மாகிமிலிருந்து தாதர் வழியாக லோயர் பரேல் வரை செல்லும் நெடுஞ்சாலைக்குச் சேனாபதி பாபட்டின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. ஆலைகள் நிறைந்திருந்த வட்டாரம் அது. 1982ஆம் ஆண்டின் வேலைநிறுத்தத்திற்குப் பின் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. அவ்விடங்களில் இன்று வானளாவிய மாளிகைகள் நிற்கின்றன. அணையை எதிர்த்தவரின் பெயர் தாங்கிய சாலையில், அத்தகைய அணைகளின் மின்சாரத்தால் தழைத்த ஆலைகள் இருந்தன. அச்சாலையில் நம்முள் பலர் நாள்தோறும் நடக்கிறோம். நம் பிள்ளைகள் அப்பெயர் யாருடையது என்று கேட்பார்களாயின், முள்ஷியின் வயல்களைப் பற்றி அவர்களுக்குச் சொல்லுவோம். வந்த ஊரின் வரலாற்றை அறிந்து வாழ்வதே, வந்தோரை வாழவைத்த ஊருக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடன்.