தனியார் கார் காப்பீடும் பல பணியிடப் பயணமும்

சொந்தக் காரில் வேலைக்குச் செல்லும் ஒருவர், நாள்தோறும் ஒரே அலுவலகத்துக்குச் செல்லாமல் இரண்டு மூன்று பணியிடங்களுக்கு மாறி மாறிச் சென்றுவரும்போது, அந்தப் பயணங்களுக்கும் அவருடைய வாகனக் காப்பீடு பொருந்துமா என்பது தனியார் கார் காப்பீட்டின் பயன்பாட்டு வரம்பைச் சார்ந்த கேள்வியாகும். இந்தியாவில் விற்கப்படும் வழக்கமான தனியார் கார் பாலிசி அத்தகைய பயணங்களுக்குப் பொருந்துகிறது. பணியிடம் ஒன்றா பலவா என்று அது கேட்பதில்லை. காரில் என்ன ஏற்றப்பட்டது, யார் ஏற்றப்பட்டார், அதற்குப் பணம் பெறப்பட்டதா என்பவற்றையே கேட்கிறது. பாதுகாப்பு கைநழுவிப் போகும் இடங்களும் இவைதாம்.

திருவள்ளூர் மாவட்டத்தில் இக்கேள்வி நடைமுறை வாழ்வோடு நெருங்கிய தொடர்புடையது. மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் ஆந்திர எல்லையை ஒட்டி அமைந்த ஆர்.கே.பேட்டை, அருகிலுள்ள அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை ஆகிய ஊர்களைப் போலவே விசைத்தறி நெசவை நம்பி வாழும் ஊராகும். பெரிய தொழிற்சாலைகளோ திருவள்ளூரை அடுத்த காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டையிலும், மாவட்டத்தின் எதிர் ஓரத்தில் உள்ள கும்மிடிப்பூண்டி, தேர்வாய்கண்டிகை சிப்காட் வளாகங்களிலும், எல்லைக்கு அப்பால் தடா அருகேயுள்ள ஸ்ரீ சிட்டியிலும் இருக்கின்றன. பல ஆலைகளின் இயந்திரங்களைப் பராமரிக்கும் ஒப்பந்தக்காரர், கணக்குத் தணிக்கையாளர், இரண்டு கல்லூரிகளில் பாடம் நடத்தும் பகுதிநேர விரிவுரையாளர், காலையில் ஒரு மருத்துவமனையிலும் மாலையில் மற்றொன்றிலும் நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவர் போன்றோருக்கு, பேருந்து மாறிச் செல்ல நேரம் போதாததால், கார் ஒரு தொழிற்கருவியாகவே ஆகிவிடுகிறது. மாநில எல்லையைக் கடப்பதாலும் காப்பீட்டில் மாற்றம் ஏதும் இல்லை. தனியார் கார் பாலிசியின் நிலப்பரப்பு எல்லை இந்தியா முழுவதும் என்றே வரையறுக்கப்பட்டுள்ளது.

பாலிசியின் வாசகம்

2002 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த இந்திய மோட்டார் கட்டண விதித்தொகுப்பு, தனியார் காருக்கான பயன்பாட்டு வரம்பை விலக்குகளின் வழியாக வகுத்தது. வாடகை அல்லது கைம்மாறு பெற்று ஓட்டுதல், மாதிரிப் பொருள்களும் சொந்தப் பயணச் சுமையும் நீங்கலான சரக்குகளை ஏற்றுதல், ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயம், பந்தயத்தில் வேகம் காட்டி முன்னோடுதல், வேகச் சோதனை, வண்டியின் உறுதியைச் சோதிக்கும் ஓட்டம், வாகன வணிகம் சார்ந்த பயன்பாடு ஆகியவை தவிர்ந்த எந்த நோக்கத்துக்கும் காரைப் பயன்படுத்தலாம் என்பதே அதன் சாரம். சொந்தச் சேதத்துக்கான, அதாவது காப்பீடு பெற்ற காருக்கே நேரும் சேதத்துக்கான, கட்டணக் கட்டுப்பாடு 2007 ஜனவரி 1 முதல் நீக்கப்பட்டு, நிறுவனங்கள் பிரீமியத்தைத் தாமே நிர்ணயிக்கத் தொடங்கிய பிறகும், இந்த வாசகம் பெரும்பாலும் அப்படியே தொடர்கிறது. விலக்கப்பட்டவற்றுள் வேலைக்குச் செல்லுதல் இல்லை. ஒரு பணியிடத்திலிருந்து இன்னொன்றுக்குச் செல்லுதலும், தொழில் நிமித்தம் வாடிக்கையாளரைச் சந்திக்கச் செல்லுதலும் இல்லை. ஆதலால் இவற்றுக்கெனத் தனி அனுமதியோ கூடுதல் பிரீமியமோ தேவைப்படுவதில்லை.

பிரிட்டனில் நிலைமை வேறு. அங்கு காப்பீட்டு நிறுவனங்கள் காரின் பயன்பாட்டைச் சமூக, குடும்ப, பொழுதுபோக்குப் பயணம் என்றும், வேலைக்குச் சென்றுவரும் பயணம் என்றும், தொழில்முறைப் பயணம் என்றும் பிரித்து விலை குறிக்கின்றன. இரண்டாம் வகை பொதுவாக நிலையான ஒரே பணியிடத்துக்குச் சென்றுவருவதை மட்டுமே உள்ளடக்குவதால், பல கிளைகளிலோ பல முதியோர் இல்லங்களிலோ பணிபுரிபவர் மூன்றாம் வகையைக் கேட்டுப் பெற வேண்டியிருக்கிறது. அந்நாட்டுக்காக எழுதப்பட்ட அறிவுரையை இணையத்தில் படித்துவிட்டு இங்குள்ளவர்கள் அஞ்சத் தேவையில்லை. அதேபோல், இங்குள்ள பழக்கத்தை நம்பி லண்டனில் வேலைக்குச் செல்லும் தமிழர் தம் பாலிசியின் பயன்பாட்டு வகையைப் பார்க்காமல் இருந்துவிடவும் கூடாது.

சட்டத்தின் நிலை

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆம் பிரிவு, பொது இடத்தில் ஓடும் ஒவ்வொரு வாகனத்துக்கும் மூன்றாம் தரப்புக் காப்பீட்டைக் கட்டாயமாக்குகிறது. வண்டியின் உரிமையாளரும் காப்பீட்டு நிறுவனமும் அல்லாத பிறருக்கு அவ்வண்டியால் நேரும் மரணம், காயம், உடைமைச் சேதம் ஆகியவற்றுக்கான பொறுப்பை ஏற்கும் காப்பீடு அது. விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் நிறுவனம் எந்தெந்தக் காரணங்களைக் காட்டித் தன் பொறுப்பை மறுக்கலாம் என்பதைச் சட்டமே வரையறுத்துள்ளது. முன்னர் 149ஆம் பிரிவாக இருந்து, 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 2022 ஏப்ரல் முதல் 150ஆம் பிரிவாக உள்ள அந்தப் பட்டியலில், அனுமதியில்லாத வண்டியை வாடகைக்கு ஓட்டியது, பந்தயத்திலோ வேகச் சோதனையிலோ பயன்படுத்தியது, உரிய ஓட்டுநர் உரிமம் இல்லாதவர் ஓட்டியது போன்றவை இடம்பெறுகின்றன. ஓட்டியவர் எந்த ஆலையிலிருந்து எந்த ஆலைக்குச் சென்றுகொண்டிருந்தார் என்பது அதில் எங்கும் இல்லை.

சரக்கு

இப்பகுதியில் பாலிசியின் எல்லை மீறப்படும் வாய்ப்பு மிகுதியாக உள்ள இடம் சரக்கு ஏற்றுவதே. ஆர்.கே.பேட்டையில் ஒரு தறிக்கூடத்தின் உரிமையாளர் தம் இரண்டு கூடங்களுக்கும் காரில் சென்றுவருவது முழுக்கப் பாதுகாப்புக்கு உட்பட்டது. வியாபாரியிடம் காட்டுவதற்காகச் சில சேலைகளையோ லுங்கிகளையோ எடுத்துச் செல்வதும் மாதிரிப் பொருள் என்ற விலக்குக்குள் அடங்கும். அதே காரின் பின்னிருக்கையை மடித்து நூல் மூட்டைகளை ஒரு கூடத்திலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுசெல்வதும், நெய்து முடித்த துணிக் கட்டுகளைக் கடைக்குக் கொண்டுபோய்ப் போடுவதும் சரக்குப் போக்குவரத்தாகிவிடுகின்றன. சரக்கு தமக்கே சொந்தமானது, எவரிடமும் வாடகை வாங்கவில்லை என்ற பதில் இங்கே உதவாது. ஏனெனில் பாலிசி வாடகையையும் சரக்கையும் இரண்டு தனி விலக்குகளாகவே வைத்துள்ளது. அடிக்கடி மூட்டை ஏற்ற வேண்டியிருப்பவர், சரக்கு வாகனமாகப் பதிவு பெற்ற சிறிய வண்டியை அதற்கெனப் பயன்படுத்துவதே முறையாகும்.

ஆலைப் பராமரிப்பு ஒப்பந்தக்காரரின் நிலை இவ்வளவு தெளிவானதன்று. ஒரு ஸ்பேனர் பெட்டியைச் சொந்தச் சுமையாகக் கொள்வதில் சிக்கல் எழாது. வெல்டிங் இயந்திரமும் எரிவாயு உருளையும் ஏற்றிச் செல்லும்போது சர்வேயர், அதாவது சேதத்தை மதிப்பிட நிறுவனம் அனுப்பும் மதிப்பீட்டாளர், அதனைச் சரக்கென்று எழுதக்கூடும். அத்தகையோர் பாலிசி எடுக்கும்போதே தாம் ஏற்றிச் செல்லும் பொருள்களை எழுத்தில் தெரிவித்து, நிறுவனத்தின் பதிலையும் எழுத்திலேயே பெற்றுவைப்பது நல்லது. முகவரின் வாய்மொழி உறுதி, க்ளெய்ம் வரும் நாளில் சான்றாக நிற்பது அரிது.

உடன் பயணிப்போர்

தமிழகத்து வழக்கில் ‘ஓன் போர்டு’ எனப்படும் வெள்ளை எண்பலகை வண்டிக்கும் ‘டி போர்டு’ எனப்படும் மஞ்சள் எண்பலகை வண்டிக்கும் உள்ள வேறுபாடு, பணம் பெற்றுப் பயணிகளை ஏற்றலாமா என்பதைப் பொறுத்தது. ஷிஃப்ட் முடிந்து திரும்பும் சக ஊழியரை இலவசமாக ஏற்றிவருவது பாலிசிக்கு முரணாகாது. ஆளுக்கு இவ்வளவு என்று மாதந்தோறும் வசூலித்து ஏற்றிவந்தால், அது கைம்மாறு பெற்ற பயணம் என்ற வாதத்துக்கு இடம் தருகிறது. விதிமீறல் நிறுவப்பட்டாலும் சொந்தச் சேதத்துக்கான க்ளெய்ம் எப்போதும் முற்றிலும் அழிந்துவிடுவதில்லை. வாடகைக்கு ஓடிய தனியார் வண்டி திருடப்பட்ட நிதின் கண்டேல்வால் வழக்கில், திருட்டுக்கும் அந்த மீறலுக்கும் தொடர்பில்லை என்று கண்ட உச்ச நீதிமன்றம், க்ளெய்ம் தொகையில் 75 சதவீதம் வழங்கச் சொன்ன உத்தரவை 2008இல் உறுதி செய்தது. 2010இல் அமலேந்து சாகூ வழக்கிலும் க்ளெய்மை முழுமையாக மறுத்ததை அது ஏற்கவில்லை.

காரில் இருப்போர் யாவர் என்பதும், எடுத்த பாலிசி எது என்பதும் சேர்ந்தே இழப்பீட்டைத் தீர்மானிக்கின்றன. சட்டம் கட்டாயமாக்கிய மூன்றாம் தரப்புப் பாலிசியை மட்டும் வைத்திருக்கும் தனியார் காரில் பயணிக்கும் நண்பருக்கு அப்பாலிசியின் பாதுகாப்புக் கிடைப்பதில்லை என்பதே நீதிமன்றங்களின் பொதுவான நிலைப்பாடு. பேக்கேஜ் பாலிசி எனப்படும் முழுக் காப்பீட்டில் அவர் பாதுகாக்கப்படுகிறார். ஆனால் ஒப்பந்தக்காரர் தம்மிடம் வேலைசெய்யும் தொழிலாளர்களைத் தம் காரிலேயே கும்மிடிப்பூண்டி ஆலைக்கு அழைத்துச் சென்றால், வேலையின் போக்கில் அவர்களுக்கு நேரும் காயத்தை முழுக் காப்பீடும் தன் வாசகத்தால் விலக்கி வைக்கிறது. அந்த இடைவெளியை நிரப்ப, ஊழியர்களுக்கான சட்டப் பொறுப்பை ஏற்கும் இணைப்பு உண்டு. தனியார் கார்களுக்கு அது ஐ.எம்.டி. 29 என்ற எண்ணில் வழங்கப்படுகிறது. ஆள் ஒன்றுக்குச் சிறு தொகையே கூடுதலாகும் இந்த இணைப்பைத் தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் ஒவ்வொருவரும் கேட்டுப் பெற வேண்டும். விபத்தில் முடமாகும் கூலித் தொழிலாளியின் குடும்பத்துக்கு அது பெரும் துணையாகும்.

தொலைவும் உரிமையும்

இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2022 ஜூலையில், ஓடும் தொலைவுக்கேற்பச் சொந்தச் சேதப் பிரீமியம் வாங்கும் கூடுதல் திட்டங்களை அனுமதித்தது. பல பணியிடங்களுக்குச் செல்பவர், குறைந்த பிரீமியத்தைப் பார்த்துக் குறைந்த கிலோமீட்டர் அளவைத் தேர்ந்தெடுத்தால், ஆண்டு முடியுமுன்பே அந்த அளவைக் கடந்துவிடக்கூடும். ஆர்.கே.பேட்டைக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் இடையே மாவட்டத்தின் முழு அகலத்தையும் கடந்து ஓடுபவருக்கு இத்திட்டம் ஏற்றதன்று. கார் யார் பெயரில் உள்ளது என்பதும் கவனிக்கத்தக்கது. வேலை தரும் நிறுவனத்தின் பெயரில் பதிவான காரை ஊழியர் ஓட்டும்போது, 15 லட்சம் ரூபாய்க்கான உரிமையாளர்-ஓட்டுநர் தனிநபர் விபத்துக் காப்பீடு அதில் இருக்காது. தனிநபர் உரிமையாளருக்கே அது உரியது.

ஊழியர் காப்பீட்டுச் சட்டங்கள்

பணியிடம் எது என்பது முக்கியமாகும் சட்டம் வேறொன்று. வீட்டிலிருந்து வேலைக்குச் செல்லும் வழியில் நேர்ந்த விபத்து வேலையின் போக்கில் நேர்ந்ததாகாது என்று பிரான்சிஸ் டி கோஸ்டா வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஊழியர் அரசுக் காப்பீட்டுச் சட்டத்தில் 2010இல் சேர்க்கப்பட்ட 51இ பிரிவு இந்நிலையை மாற்றி, வீட்டிலிருந்து பணியிடத்துக்கும் பணியிடத்திலிருந்து வீட்டுக்கும் செல்லும்போது நேரும் விபத்தை, நேரம், இடம், சூழ்நிலை ஆகியவற்றுக்கும் வேலைக்கும் உள்ள தொடர்பு நிறுவப்பட்டால், வேலை சார்ந்த விபத்தாகவே கொண்டது. 1923ஆம் ஆண்டு ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்துக்கும் இதே பொருள்கோளை 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் விரிவுபடுத்தியது.

51இ பிரிவின் வாசகம் வீட்டையும் பணியிடத்தையும் மட்டுமே இரு முனைகளாகக் குறிப்பிட்டது. ஒரே முதலாளியின் கட்டளைப்படி ஓர் ஆலையிலிருந்து மற்றோர் ஆலைக்குச் செல்பவர், அந்தப் பயணமே வேலையின் பகுதி என்று நிறுவ முடியும். காலையில் காக்களூரில் ஒரு முதலாளியிடமும் மாலையில் வேறோர் ஊரில் இன்னொரு முதலாளியிடமும் வேலைசெய்பவர் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட சாலையில் அடிபட்டால், அவருடைய கோரிக்கை இரண்டாவது பணியோடு அப்பயணத்துக்கு இருந்த தொடர்பை நிறுவும் சான்றுகளையே சார்ந்து நிற்கும். வருகைப் பதிவேடு, ஷிஃப்ட் அட்டவணை, நியமனக் கடிதம் ஆகியவை அப்போது பயன்படும்.