கடல் தாண்டிப் போன நர்ஸம்மாக்களும் காத்திருப்புக் காலமும்

போன வாரம் மாட்டுத்தாவணியில் பஸ்ஸுக்கு நின்றபோது, என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு பெண்ணின் அப்பாவைப் பார்த்தேன். மேலூர்ப் பக்கம் விவசாயம் செய்பவர். மகள் பி.எஸ்ஸி. நர்சிங் முடித்து, மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நான்கு வருடம் டியூட்டி பார்த்தாள். கல்யாணமாகி இப்போது கனடாவில் டொராண்டோ பக்கம் இருக்கிறாள்.

"என்ன டீச்சர், இம்புட்டுப் படிக்க வச்சு, அங்கன போயி வயசானவுகளக் குளிப்பாட்டி விடுறாளாம். ஊருல நர்ஸுன்னுதான் சொல்லி வச்சிருக்கேன்" என்றார். குரலே கம்மிப்போனது. அதற்குள் பஸ் வந்துவிட்டது. அவருக்குச் சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நர்ஸ் என்றால் படிப்பு மட்டும் போதாது, பதிவேட்டில் பேர் இருக்க வேண்டும். சென்னைப் பொது மருத்துவமனையில் 1871-லேயே செவிலியர் பயிற்சி தொடங்கிவிட்டது. ஆனால் பதிவுக்கான சட்டம் நம் மாகாணத்துக்கு 1926-ல்தான் வந்தது. இங்கிலாந்திலேயே 1919-ல்தான் வந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கண்டவர்களும் நர்ஸ் என்று சொல்லிக்கொண்டு நோயாளியைத் தொடக் கூடாது என்பதற்காக வந்த நல்ல ஏற்பாடு. ஆனால் ஒவ்வொரு நாட்டுக்கும் தனிப் பதிவேடு. அமெரிக்காவிலும் கனடாவிலும் மாநிலத்துக்கு மாநிலம் தனி. என் ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழைக் காட்டி நான் அங்கே ஒரு வகுப்பறைக்குள் நுழைய முடியாது அல்லவா, அதே கதைதான்.

இதில் அதிகம் அடிபட்டவர்கள் எழுபதுகளில் அமெரிக்கா போனவர்கள். 1965-ல் அந்த நாடு குடியேற்றச் சட்டத்தை மாற்றியதும், படித்த தொழிலாளர்களுக்குக் கதவு திறந்தது. பிலிப்பைன்ஸிலிருந்தும் கேரளத்திலிருந்தும் நர்ஸுகள் நிறையப் போனார்கள், நம் பக்கத்துப் பெண்களும் போனார்கள். விசா கொடுத்த அதிகாரி அவர்களை நர்ஸ் என்று ஏற்றுக்கொண்டார். இறங்கிய மாநிலத்தில் இருந்த நர்சிங் போர்டு ஏற்றுக்கொள்ளவில்லை. முதலில் பரீட்சை எழுது என்றது. தெரியாத ஆங்கிலம், பார்த்தே இராத நடைமுறைகள். பெரும்பாலோர் தேறவில்லை. ஊரில் ஒரு வார்டையே கட்டி ஆண்டவர்கள் அங்கே நர்ஸ் எய்ட் ஆனார்கள், அதாவது உதவியாளர். படுக்கை மாற்றுவது, துடைத்து விடுவது. சில இடங்களில் ஆள் பற்றாக்குறை என்று நர்ஸ் வேலையையும் வாங்கிக்கொண்டு எய்ட் சம்பளம் கொடுத்தார்கள். வேலை விசாவில் போனவர்களுக்குப் பரீட்சையில் தோற்றால் நாட்டைவிட்டே போக வேண்டிய பயம் வேறு. எதிர்த்துப் பேச எப்படித் தைரியம் வரும்?

இந்தக் குழப்பத்தால்தான் 1977-ல் பிலடெல்பியாவில் சி.ஜி.எஃப்.என்.எஸ். என்ற அமைப்பு உருவானது. புறப்படும் முன்னே சொந்த நாட்டிலேயே ஒரு தகுதித் தேர்வு வைத்தார்கள். தோற்றாலும் வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு மறுபடி எழுதலாம். லைசென்ஸுக்கான என்க்ளெக்ஸ் தேர்வு அமெரிக்காவுக்கு வெளியே வந்தது 2005-ல்தான்.

பிரிட்டன் கதை வேறு. 1943-ல் அங்கே இரண்டாம் படி நர்ஸ் என்று ஒரு தனிப் பட்டியல் வைத்தார்கள். பின்னாளில் காலனி நாடுகளிலிருந்து போன பெண்கள் பலரை அந்த இரண்டு வருடப் பயிற்சியில் தள்ளினார்கள். அந்தச் சான்றிதழுக்குப் பல நாடுகளில் மதிப்பே இல்லை. விவரம் தெரியாமல் கையெழுத்துப் போட்டவர்கள் எத்தனை பேரோ! இப்போது அங்கே கணினித் தேர்வை ஊரிலேயே முடித்துவிட்டுப் போகலாம். செய்முறைத் தேர்வு மட்டும் அங்கே. அது முடியும்வரை உதவியாளர் சம்பளம்தான்.

இனி நம் பெண்ணின் விஷயம். அவள் செய்வது பி.எஸ்.டபிள்யூ. என்ற பராமரிப்பு வேலை. முதியோர் இல்லங்களில் எப்போதும் ஆள் தேவைப்படும் வேலை. ஸ்கார்பரோ பக்கம் இருக்கும் இல்லங்களில் ஈழத்துத் தாய்மார்களும் நிறைய இருக்கிறார்கள், தமிழ் பேசுகிற நர்ஸ் பெண் கிடைத்தால் அவர்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல்! அமெரிக்காவில் இதையே சி.என்.ஏ. என்பார்கள். அதற்கு மத்திய சட்டப்படி குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி வேண்டும். இரத்தம் எடுக்கும் வேலை, ஆஸ்பத்திரி வரவேற்பு, பதிவேடு எழுதுவது என்றும் இடைக்கால வேலைகள் உண்டு. அங்கத்திய மருத்துவப் பேச்சு காதில் ஏறவும், நாளை வேலைக்குச் சிபாரிசு சொல்ல ஒரு மேற்பார்வையாளர் கிடைக்கவும் இவை உதவும்.

ஆனால் இரண்டு ஆபத்து உண்டு. ஒன்று, "நீ நர்ஸ்தானே, இந்த ஊசியைப் போட்டுவிடு" என்று யாராவது கூப்பிட்டால் போகக் கூடாது. பதிவு இல்லாமல் செய்தால் வரப்போகிற லைசென்ஸுக்கே வேட்டு.

இரண்டாவதுதான் எனக்குக் கவலை. ஒன்டாரியோ மாகாணத்தில் பதிவு கேட்பவர் கடைசி மூன்று வருடத்துக்குள் நர்ஸாக வேலை பார்த்திருக்க வேண்டும். பி.எஸ்.டபிள்யூ. வேலை அந்தக் கணக்கில் சேராது. மதுரையில் கடைசியாக டியூட்டி பார்த்த நாளிலிருந்து கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். நம் கல்லூரியிலிருந்தும் கவுன்சிலிலிருந்தும் காகிதம் போய்ச் சேரவே மாதக்கணக்கில் ஆகிவிடுகிறது. சம்பளம் வருகிறதே என்று இரட்டை ஷிப்ட் பார்த்துக்கொண்டு படிக்காமல் விட்டவர்கள் அப்படியே தங்கிப்போன கதைகள் எல்லா நாட்டிலும் உண்டு.

இதற்கு ஒரு வழி 2022-ல் வந்தது. அந்த மாகாணத்தின் பதிவு அமைப்பு, ஆஸ்பத்திரிகளோடு சேர்ந்து மேற்பார்வையில் வேலை செய்யும் திட்டம் கொண்டுவந்தது. குறைந்தது 140 மணி நேரம் செய்தால் சமீப அனுபவம், மொழித்திறன் இரண்டையும் அதன் மூலம் நிரூபிக்கலாம். டொராண்டோவில் 2001 முதல் கேர் சென்டர் என்ற அமைப்பு வெளிநாட்டு நர்ஸுகளுக்கென்றே வழிகாட்டி வருகிறது.

நேற்று அந்த அப்பாவுக்குப் போன் போட்டு இவ்வளவையும் சொன்னேன். எழுபதுகளின் கதையைக் கேட்டு, "அப்ப எம்மக மட்டுமில்லையா?" என்றார். பிறகு, "அந்த 140-ஐ இன்னொரு தடவ சொல்லுங்க டீச்சர், எழுதிக்கிறேன், ராத்திரி பிள்ள கூப்புடும்" என்றார்.

நம் நண்பர்களில் யார் வீட்டுப் பெண்ணாவது இந்தத் திட்டத்தில் சேர்ந்திருந்தால், எத்தனை மாதம் ஆனது, எந்தக் காகிதத்தை முதலில் கேட்டார்கள் என்று கீழே எழுதுங்கள். அவரிடம் சேர்த்துவிடுகிறேன்.