டயட்டுக்கு நடுவே 'பிரேக்' எடுத்தால் எடை குறையுமா? பெண்களிடம் நடந்த ஆய்வுகள் சொல்வது என்ன?

முதல் மாதம் மளமளவென்று இறங்கிய எடை, இரண்டாவது மாதம் அப்படியே நிற்கும். சோற்றை இன்னும் குறைப்பார்கள், ராத்திரி சாப்பாட்டையே விட்டுவிடுவார்கள். மூன்றாவது மாதம் ஒரு கல்யாண விருந்தோடு டயட் முடிந்துபோகும். போன எடையும் திரும்பி வந்துவிடும். பல பெண்களுக்கு நடக்கும் இந்தக் கதைக்கு மாற்றாகச் சொல்லப்படுவதுதான் 'டயட் பிரேக்'.

டயட் பிரேக் என்றால் என்ன?

சில வாரங்கள் கலோரியைக் குறைத்துச் சாப்பிட வேண்டும். பிறகு ஒன்று அல்லது இரண்டு வாரங்கள், எடை ஏறாமலும் இறங்காமலும் இருக்கும் அளவுக்குச் சாப்பிட வேண்டும். அதன்பின் மறுபடியும் குறைக்க வேண்டும். நடுவில் வரும் வாரங்களுக்கு 'மெயின்டனன்ஸ்' என்று பெயர். உடற்பயிற்சியை மட்டும் எந்தக் கட்டத்திலும் நிறுத்தக் கூடாது.

எடை ஏன் நின்றுபோகிறது?

சாப்பாடு குறைந்தால் உடம்பும் சிக்கனமாகிவிடும். பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் கூடும், 'போதும்' என்று சொல்லும் லெப்டின் குறையும். எடை குறைந்த உடம்புக்குத் தேவைப்படும் கலோரியும் முன்பைவிடக் குறைவு. இது மனஉறுதி இல்லாததால் வருவது அல்ல.

ஆய்வுகள் சொல்வது என்ன?

டயட் பிரேக்கைப் பிரபலமாக்கியது, ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா பல்கலைக்கழகம் 2017ல் வெளியிட்ட ஆய்வு. 16 வாரங்கள் தொடர்ந்து டயட் இருந்தவர்கள் சராசரியாக 9 கிலோ குறைந்தார்கள். அதே 16 வாரத்தை, 2 வாரம் டயட், 2 வாரம் பிரேக் என்று பிரித்துச் செய்தவர்கள் 14 கிலோ குறைந்தார்கள். ஆனால், இதில் பங்கேற்ற 51 பேருமே ஆண்கள்!

2023ல் வெளியான இன்னொரு ஆய்வில் எடைப் பயிற்சி செய்யும் 38 பெண்கள் பங்கேற்றார்கள். ஒரு குழு தொடர்ந்து 6 வாரம் டயட் இருந்தது. இன்னொரு குழு 2 வாரத்துக்கு ஒருமுறை, ஒரு வாரம் பிரேக் எடுத்தது. கொழுப்பு குறைந்ததில் இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை. ஆனால், கட்டுப்பாடு இழந்து சாப்பிடும் போக்கு பிரேக் எடுத்தவர்களிடம் குறைவாக இருந்தது.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் 267 பெண்களிடம் நடந்த ஆய்வு 2013ல் வெளியானது. ஒரு குழு முதல் 8 வாரம் எடையைக் குறைக்காமல், இருக்கும் எடையைத் தக்கவைக்க மட்டும் பழகியது. அதற்குப் பிறகுதான் எடை குறைப்பு. இரண்டு குழுவும் ஏறக்குறைய ஒரே அளவுதான் குறைந்தன. ஆனால் ஓராண்டுக்குப் பின் வழக்கமான குழுவுக்கு 3 கிலோவுக்கு மேல் திரும்ப ஏறியிருந்தது. தக்கவைக்கப் பழகியவர்களுக்கு ஏறியது ஒன்றரை கிலோவுக்கும் குறைவு.

ஆக, பிரேக் என்பது கொழுப்பை வேகமாகக் கரைக்கும் மந்திரம் இல்லை. குறைந்த எடையைக் காப்பாற்றுவதற்கான ஒத்திகை.

எப்படிச் செய்வது?

* டயட் வாரங்களில் தினமும் 300 முதல் 500 கலோரி குறைத்தால் போதும். பட்டினி தேவையில்லை.
* பிரேக் வாரத்தில் குறைத்த அளவை மட்டும் திரும்பச் சேர்க்கவும். 100 கிராம் சோற்றில் சுமார் 130 கலோரி உண்டு. பிரேக் என்றால் தினமும் பிரியாணி என்று அர்த்தம் இல்லை.
* வாரத்துக்கு 150 நிமிட வேக நடை, 2 நாள் தசைப் பயிற்சி அவசியம். உட்கார்ந்து எழுவது, சுவரில் கை வைத்து புஷ்-அப் செய்வதில் தொடங்கலாம். தசைப் பயிற்சி இல்லாவிட்டால் கொழுப்போடு தசையும் கரையும்.
* முட்டை, மீன், பருப்பு, சுண்டல் என ஒவ்வொரு வேளையும் புரதம் இருக்கட்டும்.

எடை ஏறினால் பயப்படலாமா?

பிரேக் தொடங்கியதும் அரை கிலோ, ஒரு கிலோ ஏறலாம். பெரும்பாலும் அது உடம்பில் சேரும் நீர். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களிலும் இப்படித்தான். அதனால் நேற்றைய எடையோடு ஒப்பிடாமல், போன மாத சுழற்சியின் அதே நாள் எடையோடு ஒப்பிடுவது நல்லது.

யார் தவிர்க்க வேண்டும்?

கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் இதில் இறங்க வேண்டாம். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், உணவுப் பழக்கக் கோளாறு இருந்தவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் தொடங்கக் கூடாது. டயட்டின்போது மாதவிடாய் தள்ளிப்போனாலோ, நின்றாலோ டயட்டை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்கவும்.