விமானக் கம்பெனிக்கு விசாவில் என்ன வேலை?

மேற்படிப்புக்கு வெளிநாடு போகிறவர்களை வழியனுப்ப ஏர்போர்ட் போனவர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்திருக்கலாம். விசா கொடுத்தது ஒரு நாட்டின் தூதரகம். உள்ளே விடுவதா வேண்டாமா என்று முடிவு செய்யப்போவது அந்த நாட்டு இமிக்ரேஷன் அதிகாரி. ஆனால் நடுவில், பெட்டியை எடை போடும் கவுண்டரில் ஒருவர் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்து, "ரிட்டர்ன் டிக்கெட் எங்கே?" என்று கேட்கிறார். அவர் எந்த அரசாங்கத்தின் ஊழியரும் இல்லை. டிக்கெட் விற்ற கம்பெனியிடம் சம்பளம் வாங்குகிறவர். இந்த வேலை அவர் தலையில் எப்படி விழுந்தது?

கதை கடலில் தொடங்குகிறது. 1891-ல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது. நாட்டுக்குள் அனுமதிக்க முடியாத ஆளை ஏற்றி வந்தால், ஏற்றி வந்த கப்பலே தன் செலவில் அவரைத் திருப்பிக் கொண்டுபோக வேண்டும். 1903-ல் இன்னொரு படி மேலே போனார்கள். கப்பல் ஏறும் துறைமுகத்திலேயே கண்டுபிடித்திருக்கக்கூடிய தொற்றுநோய் உள்ளவரைக் கொண்டுவந்தால், ஆளுக்கு 100 டாலர் அபராதம்! கப்பல் கம்பெனிகள் கணக்குப் போட்டுப் பார்த்தன. நியூயார்க்கில் அபராதம் கட்டுவதைவிட ஐரோப்பாவிலேயே டாக்டரை வைத்துப் பார்த்துவிடுவது மலிவு. ஹாம்பர்க் துறைமுகத்தில் ஹபாக் கம்பெனி, குடியேறப் போகிறவர்களைத் தங்கவைத்துப் பரிசோதிக்கத் தனியாகக் கட்டடங்களே கட்டியது. அமெரிக்காவின் எல்லை, அமெரிக்க அரசு ஒரு காசு செலவழிக்காமல், அட்லாண்டிக்கைத் தாண்டி வந்துவிட்டது. காமர்ஸ் படிப்பவர்கள் இதை ரசிக்காமல் இருக்க முடியாது. செலவை அடுத்தவன் பேரேட்டில் எழுதுவது என்றால் இதுதான்.

1924-ல் விசாவும் இந்தக் கணக்கில் சேர்ந்தது. குடியேற்ற விசா இல்லாதவரை ஏற்றி வந்தால் ஆளுக்கு 1000 டாலர், கூடவே அவருடைய டிக்கெட் பணத்தையும் திருப்பித் தர வேண்டும்.

அபராதம் இல்லாமலே டிக்கெட் கவுண்டரை வேலியாக்கிய நாடும் உண்டு. கனடா 1908-ல் ஒரு விதி கொண்டுவந்தது. சொந்த நாட்டிலிருந்து நேரடிப் பயணமாக, அங்கேயே வாங்கிய டிக்கெட்டோடு வருபவருக்குத்தான் அனுமதி. விதியில் இந்தியா என்ற சொல்லே இல்லை. ஆனால் இந்தியாவிலிருந்து அப்படியொரு டிக்கெட் விற்கக்கூடிய கப்பல் கம்பெனி விற்பதை நிறுத்திக்கொண்டது. 1914-ல் கோமகட்டா மாரு கப்பலில் போன 376 பேரில் மிகச் சிலரைத் தவிர மற்றவர்கள் வான்கூவரில் இறங்க முடியாமல் இரண்டு மாதம் கடலிலேயே கிடந்து திரும்பியது இந்த விதியால்தான்.

பிறகு விமானம் வந்தது. 1944 சிகாகோ உடன்படிக்கையின் ஒன்பதாம் இணைப்பு, பயணிகளிடம் சேரும் நாட்டுக்கும் வழியிலுள்ள நாட்டுக்கும் தேவையான பத்திரங்கள் இருக்கின்றனவா என்று விமான நிறுவனம் பார்த்து ஏற்ற வேண்டும் என்கிறது. எந்த நாட்டுக்கு எந்தக் குடிமகன் என்ன காகிதம் கொண்டுபோக வேண்டும் என்பதை ஒரு மனிதன் மனப்பாடம் செய்ய முடியுமா? அதற்காக ஐயாட்டா அமைப்பு ஒரு கையேடு போட்டது. அதன் கணினி வடிவம்தான் டைமேட்டிக். இன்று கவுண்டரில் இருப்பவர் திரையில் எட்டிப் பார்ப்பது பெரும்பாலும் அதைத்தான்.

இங்கே தமிழர்களும் கதைக்குள் வருகிறார்கள். 1983 கலவரத்துக்குப் பின் இலங்கைத் தமிழர்கள் பிரிட்டனில் தஞ்சம் கேட்டுப் போகத் தொடங்கினார்கள். 1985-ல் பிரிட்டன் இலங்கையருக்கு விசா கட்டாயம் என்றது. காமன்வெல்த் நாடு ஒன்றுக்கு இப்படிச் செய்தது அதுவே முதல் முறை. அப்படியும் 1987 பிப்ரவரியில் 64 தமிழர்கள் ஹீத்ரோவில் வந்திறங்கித் தஞ்சம் கேட்டார்கள். திருப்பி அனுப்ப விமானத்தருகே கொண்டுபோனபோது அவர்களில் சிலர் உடைகளைக் களைந்துவிட்டு, அந்தக் குளிரில் உள்ளாடையோடு நின்றார்கள். படங்கள் பத்திரிகைகளில் வந்தன, வக்கீல்கள் நீதிமன்றம் போனார்கள், அன்றைய பயணம் நின்றது.

அரசின் பதில் அடுத்த மாதமே வந்தது. சரியான பத்திரம் இல்லாத ஒவ்வொரு பயணிக்கும், ஏற்றி வந்த கம்பெனிக்கு 1000 பவுண்ட் அபராதம். மே மாதம் நிறைவேறிய சட்டம் மார்ச்சிலிருந்தே செல்லும் என்று பின்தேதியிட்டார்கள். 1991-ல் அபராதம் 2000 ஆனது. பத்திரம் போலி என்றால், பார்த்தாலே தெரிகிற போலியாக இருந்தால்தான் கம்பெனி பொறுப்பு. அதனால் கவுண்டர்க்காரர் போலியைக் கண்டுபிடிக்கவும் கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று.

இதில் உறுத்துவது ஒன்று உண்டு. அகதிக்கென்று ஒரு விசா கிடையாது. தஞ்சம் கேட்க வேண்டுமானால் முதலில் அந்த மண்ணில் கால் வைக்க வேண்டும். 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திட்ட நாடு, வந்தவரைத் திருப்பி அனுப்பினால் நீதிமன்றத்தில் பதில் சொல்ல வேண்டும். வரவே விடாமல் கொழும்பிலோ டாக்காவிலோ ஒரு கம்பெனி ஊழியர் தடுத்துவிட்டால்? வழக்கும் இல்லை, படமும் இல்லை. அபராதச் சட்டத்தின் உண்மையான சாமர்த்தியம் இதுதான். ஐரோப்பாவும் இதே பாதையில் போய், 2001-ல் ஆளுக்குக் குறைந்தது 3000 யூரோ என்ற அளவுக்கு வந்து நின்றது.

இப்போது நீண்டகால விசாவில் போகும் மாணவரை இந்தக் கவுண்டரில் நிறுத்திப் பாருங்கள். தவறாக ஏற்றினால் கம்பெனிக்கு அபராதம், திருப்பிக் கொண்டுவரும் செலவு. தவறாக நிறுத்தினால் மாணவரின் டிக்கெட்டும் முதல் வார வகுப்பும் போகும். சந்தேகம் வந்தால் தராசு எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல வேண்டியதில்லை. சந்தேகம் வரக் காரணங்களும் குறைவில்லை. சுற்றுலாப் பயணிக்குப் பழகிய கண்ணுக்கு ஒருவழி டிக்கெட்டே உறுத்தும். ஷெங்கன் நாடுகளின் 'டி' விசாவை வைத்துக்கொண்டு 2010 ஏப்ரல் வரை மற்ற ஷெங்கன் நாடுகளை வழியில் கடக்கலாம், தங்க முடியாது. அதன் பிறகு தங்கலாம். பிரிட்டன் 2015-லிருந்து இரண்டு வருடப் படிப்புக்குப் போகிறவர் பாஸ்போர்ட்டிலும் 30 நாள் ஸ்டிக்கர்தான் ஒட்டியது. மீதி அங்கே போய் வாங்கும் அட்டையில். 2024 முடிவில் அந்த அட்டையும் போனது. 2025 ஜூலையிலிருந்து பெரும்பாலான மாணவர்களுக்கு ஸ்டிக்கரே கிடையாது, எல்லாம் மின்விசா!

நிறுத்தப்பட்டவருக்கு நஷ்டஈடு உண்டா? ஐரோப்பிய யூனியனின் 2004 விதிப்படி, இடமிருந்தும் ஏற்றாவிட்டால் உண்டு. ஆனால் 'பத்திரம் போதவில்லை' என்பது விலக்கு. 2015-ல் சைப்ரஸில் தற்காலிக வசிப்பு அனுமதி வைத்திருந்த கஜகஸ்தான் நாட்டவர் ஒருவரை, ருமேனியாவுக்கு விசா இல்லை என்று சொல்லி ஒரு விமான நிறுவனம் ஏற்ற மறுத்தது. அந்த அனுமதியே போதும் என்பது அவர் வாதம். வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. 2020 ஏப்ரல் 30-ல் தீர்ப்பு: பத்திரம் போதவில்லை என்று கம்பெனி சொல்லிவிட்டதாலேயே பயணியின் உரிமை போய்விடாது. மறுத்ததற்கு நியாயமான காரணம் இருந்ததா என்று பயணி கேட்டால், நீதிமன்றம் அதை ஆராய வேண்டும்.